குளிர்பதனப் பெட்டி இல்லாமல் வெண்ணெய்ப்பழத்தைக் காப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் 2 வெண்ணெய்ப்பழ மரங்கள் நிற்கின்றன. ஊரில் பட்டர் ஃப்ரூட் என்றுதான் சொல்வோம். வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. ஆடியில் ஒரே நாளில் 40 காய்களை உலுக்கி இறக்கிச் சாக்கில் கட்டி வைத்தோம். ஆறாம் நாள் அவிழ்த்தபோது எல்லாம் ஒன்றாகப் பழுத்து, காம்படி கறுத்து, பாதிக்கு மேல் எருக்குழிக்குப் போயின. பல் இல்லாத என் தாயார் விரும்பி உண்ணும் பழம் என்பதால் மனம் ஆறவில்லை. வழி இருந்தால் தெரிவியுங்கள்.

மறுமொழி 1:
ஐயா, பழுத்த பழத்தை வெளியில் 2 நாளுக்கு மேல் வைத்திருப்பது கடினம். பழுப்பதைத்தான் நாம் தள்ளிப்போட முடியும். மா, வாழை போலன்றி, இந்தக் காய் எவ்வளவு முற்றினாலும் மரத்தில் இருக்கும்வரை மெத்தென்று ஆகாது. பறித்த பின்புதான் பழுக்கத் தொடங்கும். ஆகவே மரத்தையே உங்கள் சேமிப்பறையாக வைத்துக்கொண்டு, 3 நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு காய்கள் மட்டும் பறியுங்கள். சில மரங்களில் முற்றிய காய் தானே உதிர்ந்துவிடும் என்பதால், அடியில் விழத் தொடங்கினால் மேலும் காத்திருக்க வேண்டாம். உலுக்காமல், சிறு காம்பு காயோடு நிற்கும்படி கத்தரித்து எடுங்கள். காம்பு பிய்ந்த குழி வழியாகத்தான் பூசணம் இறங்கும். உங்கள் காய்கள் காம்படியில் கறுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 2:
சாக்கில் கட்டியதும் தவறு. பழுக்கும் காய் எத்திலீன் வாயுவை விடும். அது உள்ளேயே தங்கினால் மற்றவற்றையும் பழுக்க வைக்கும். மூங்கில் தட்டில் வைக்கோல் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வாழைத்தாரும் தக்காளியும் இல்லாத குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஈர மணலில் பதித்த மண்பானை வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். மழை மூட்டத்தில் பயன் குறைவு.

மறுமொழி 3:
தண்ணீரில் போட்டு வைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். தோலில் உள்ள கிருமிகள் நீரில் பெருகக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. வெட்டிய பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி, காற்றுப் புகாமல் மூடி, அன்றே தந்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முற்றியதை எப்படி அறிவது?

மறுமொழி 1:
ஒரு காயை அறுத்துப் பாருங்கள். விதையைச் சுற்றிய தோல் வெளுத்துச் சதையோடு ஒட்டியிருந்தால் பிஞ்சு. காகிதம்போல் உலர்ந்து பழுப்பேறியிருந்தால் பறிக்கலாம்.