1986 வால்வோ 240 வேகன் வாங்கிட்டேன், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

புதுஸ்பேனர்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு 1986 வால்வோ 240 ஸ்டேஷன் வேகன் வாங்கிட்டேன், பி230 இன்ஜின், ஃபியூல் இன்ஜெக்‌ஷன், 5 ஸ்பீடு மேனுவல். பல வருஷமா ஷெட்ல ஓடாம நின்ன வண்டி. ஆயில் மாத்துறது, பிரேக் பேட் மாத்துறது வரைக்கும் கைப்பழக்கம் இருக்கு, இன்ஜின் பிரிச்சதில்ல, வெல்டிங் தொட்டதே இல்ல. வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டிக்கில ஸ்டெப்னி குழி மூடிய தூக்கினா உள்ள தண்ணி நிக்குது, அடித்தகட்ட விரலால சுரண்டினா துரு செதில் செதிலா வருது. டெயில்கேட் வைப்பர், பின் கண்ணாடில படியுற மூட்டத்த சூடாக்கி போக்குற டீஃபாகர் ரெண்டும் வேலை செய்யல.

வண்டி உயரத்த கொஞ்சம் இறக்கி, நல்ல அலாய் வீல் போட்டு, அப்புறம் டர்போ போடணும்ங்கிறது பிளான். அந்த நீளமான கூரையும் நிமிந்து நிக்கிற பின்பக்கமும் எனக்கு அவ்ளோ பிடிக்கும். இப்ப கேள்வி, பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணி பாக்கலாமா? ஸ்பிரிங் செட் முதல்ல வாங்கவா இல்ல பாடி வேலைய பாக்கவா?

ஆயில்கேன்:
வாழ்த்துக்கள் ப்ரோ, நல்ல வண்டி. ஆனா பேட்டரிய மாட்டி நேரா சாவிய திருப்பாதீங்க, ப்ளீஸ். வருஷக்கணக்கா நின்ன இன்ஜின்ல சிலிண்டர் சுவர்ல ஆயில் படலமே இருக்காது, காஞ்ச பிஸ்டன் ரிங் அப்படியே உரசும். பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க, அப்புறம் இன்ஜின் முன்னாடி கீழ் புல்லி நடுவுல இருக்குற கிராங்க் போல்ட்ல பானா போட்டு அது ஓடுற திசையிலயே கையால மெதுவா சுத்துங்க, எங்கயாவது இறுகினா நிறுத்திடுங்க, பலம் போடாதீங்க. ஃப்ரீயா சுத்துதுன்னா புது ஆயில், ஃபில்டர் போட்டு, ஃபியூல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் ஒயரையும் கழட்டிட்டு, பிளக் இல்லாமயே ஸ்டார்ட்டர அடிச்சு ஆயில் பிரஷர் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு சுத்துங்க.

டேங்க்ல இருக்குற பழைய பெட்ரோல மொத்தமா இறக்கிடுங்க, நாத்தமே வேற மாதிரி இருக்கும், அத இன்ஜெக்டருக்கு அனுப்பவே கூடாது. ரப்பர் ஃபியூல் ஹோஸ் எல்லாத்தையும் மடக்கி பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்தியாகணும்.

டைமிங் பெல்ட்டும் புதுசு போடுங்க. 8 வால்வ் பி230ல பெல்ட் அறுந்தாலும் பொதுவா பிஸ்டனும் வால்வும் மோதாது, இன்ஜின் பிழைச்சுக்கும், ஆனா வண்டி நடு ரோட்ல நிக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடில ஃபிளேம் ட்ராப்னு சின்னதா ஒண்ணு இருக்கும், இன்ஜினுக்குள்ள சேர்ற வாயு வெளியேறுற வழில இருக்குற சல்லடை மாதிரி, அது அடைச்சா கிராங்க்கேஸ் (இன்ஜின் அடிப்பகுதி) பிரஷர் ஏறி ஆயில் சீல் வழியா வெளிய தள்ளும். ஆயில் ஒழுகுதேன்னு சீல் மாத்துறதுக்கு முன்னாடி அத கழட்டி சுத்தம் பண்ணுங்க.

துருவேட்டை:
என்னை கேட்டா பாடிதான் முதல்ல. ஸ்பிரிங், அலாய் எப்ப வேணா வாங்கலாம், தகடு மட்டும் காத்திருக்காது.

கார்பெட், இன்சுலேஷன் எல்லாம் வெளிய எடுத்துட்டு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், துரு புடிச்சது மொத்துனு கேக்கும். ஜாக்கி வெக்கிற இடம், சில் (கதவுக்கு அடில நீளமா போற தகடு), பேட்டரி ட்ரே, வீல் ஆர்ச் உள்பக்கம், டெயில்கேட் கீழ் விளிம்பு எல்லாம் பாருங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம வெல்டிங் பக்கம் போகாதீங்க. உள்ள ஒருத்தர் டார்ச்சோட படுத்துக்கிட்டு, வெளிய இன்னொருத்தர் ஹோஸ்ல முதல்ல கீழ இருந்து ஆரம்பிச்சு மேல மேல தண்ணி விடணும். வேகன்ல டெயில் லைட் கேஸ்கெட், பக்கவாட்டு கண்ணாடி ரப்பர், டெயில்கேட் சீல் மூணும்தான் முதல் சந்தேகம்.

ஓட்டை விழுந்த இடத்துல பட்டி போட்டு மூடுறத நான் ஒத்துக்கவே மாட்டேன். பட்டிங்கிறது மேடு பள்ளம் சரி பண்ணத்தான். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து புதுத் தகடு வெல்ட் பண்ணி, இணைப்புல தண்ணி புகாம சீம் சீலர், உள்பக்கம் துரு வராம கேவிட்டி வாக்ஸ் போடணும். சில் மாத்தணும்னா ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல வெட்டாதீங்க, கதவு இடைவெளிய முன்னாடியே அளந்து எழுதி வெச்சுக்கோங்க. வெல்ட் பண்ணும்போது பேட்டரி கழட்டியிருக்கணும், அடில போற ஃபியூல் பைப், உள்ள ஒட்டியிருக்குற தார் ஷீட் ரெண்டும் தீ புடிக்கும், தீயணைப்பானோட ஒரு ஆள் பக்கத்துல நிக்கட்டும். ஆரம்பத்துல வண்டிய வெட்டாம ஸ்க்ராப் தகட்ல பழகுங்க, கை வந்தப்புறம் வண்டில வைங்க.

லாங்ரூஃப்:
மாடிஃபிகேஷன் பத்தி யாரும் சொல்லலியே, நான் சொல்றேன். இறக்குறது தப்பில்ல, ஆனா பழைய ஸ்பிரிங்க வெட்டி இறக்காதீங்க, வண்டிய தூக்கும்போது ஸ்பிரிங் சீட்ட விட்டு நகந்துடும். இதுல பின்னாடி லைவ் ஆக்ஸில், அதாவது ரெண்டு சக்கரத்தையும் சேர்க்குற ஒரே முழு ஆக்ஸில், பாடிக்கும் அதுக்கும் குறுக்க போற பேன்ஹார்ட் ராட்தான் அத நடுவுல புடிக்குது, உயரம் குறைஞ்சா ஆக்ஸில் ஒரு பக்கமா தள்ளிப்போகும், அதனால நீளம் அட்ஜஸ்ட் பண்ற ராட் போட்டுக்கோங்க. வேகனோட வேலையே பின்னாடி லோடு ஏத்துறது, ரொம்ப இறக்கினா நாலு பேர் ஏறினதுமே பம்ப் ஸ்டாப்ல (சஸ்பென்ஷன் எல்லைல இருக்குற ரப்பர் கட்டை) இடிக்கும்.

வீல் 5x108, அதாவது 108 மிமீ வட்டத்துல அஞ்சு போல்ட். வால்வோ 850 அலாய் போல்ட் பேட்டர்ன் ஒண்ணுதான், ஆனா ஆஃப்செட் (வீல் எவ்ளோ உள்ள தள்ளி உக்காருதுங்கிற அளவு) 40 மிமீக்கு மேல, இடைல ஸ்பேசர் தகடு இல்லாம போட்டா உள்பக்கம் போய் ஸ்ட்ரட்ட (முன் சஸ்பென்ஷன் குழாய்) தொடும். டர்போ ஆசைய கொஞ்சம் தள்ளி வைங்க, 1986 பி230ல கனெக்டிங் ராட் மெலிசு, 1990க்கு அப்புறம் வந்த 13 மிமீ ராட் பிளாக் கிடைச்சா அப்ப யோசிக்கலாம்.

அதுக்கு முன்னாடி பிரேக். முன் காலிப்பர் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சர்க்யூட் லைனும் வருது, ப்ளீட் பண்ணும்போது, அதாவது பிரேக் லைன்ல இருக்குற காத்த வெளியேத்தும்போது, ஒரு நிப்பிளையும் விடாதீங்க. டயர் பக்கவாட்டுல டாட் கோட்ல கடைசி நாலு இலக்கம் பாருங்க, 2312ன்னா 2012 வருஷம் 23வது வாரம். டயர் பட்டன் தேயாம நல்லாருக்குன்னு பழைய டயர ஓட்டாதீங்க.

டெயில்கேட் வைப்பருக்கு மோட்டார் வாங்கிடாதீங்க. கீல் பக்கத்துல ரப்பர் ட்யூபுக்குள்ள போற ஒயர் திறந்து மூடி மடங்கி உள்ளயே அறுந்திருக்கும், டீஃபாகரும் அதே வழிதான். இன்ஜின் ஒயரிங்கையும் அப்படியே ஒரு கை பாருங்க, இந்த வருஷ வண்டிங்கள்ல இன்சுலேஷன் காஞ்சு உதிர்றது ரொம்ப சகஜம்.

புதுஸ்பேனர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரப்பர் ட்யூப இழுத்து பாத்தேன், உள்ள மூணு ஒயர் அறுந்து செம்பு பச்சையா இருக்கு. பிளக் ஓட்டைல ஆயில் விட்டாச்சு. ஸ்பிரிங் ஆர்டர நிறுத்திட்டேன். அறுந்த ஒயர அங்கயே ஒட்டலாமா இல்ல முழுசா மாத்தணுமா?

லாங்ரூஃப்:
மடங்குற இடத்துல ஜாயின்ட் போட்டா திரும்ப அங்கயே அறும். மெல்லிழை நிறைய இருக்குற ஃப்ளெக்சிபிள் ஒயர் வாங்கி, ஜாயின்ட் ரெண்டு பக்கமும் கீலுக்கு தள்ளி வர்ற மாதிரி போடுங்க. டீஃபாகர் கரன்ட் அதிகம் இழுக்கும், அதுக்கு பழைய ஒயர் தடிமனுக்கு குறையாம எடுங்க.