புதுப்பிப்பு: கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் பயம் (கொடுத்தாச்சு)

அம்மாவின் முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, அதிகாரி முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்ய என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மூச்சுப் பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை. கைகொடுத்தது, "சாமித்தோப்புல கண்ணாடி முன்னால நின்னுட்டு அப்புறம் போங்க" என்று ஒருவர் சொன்னதுதான். சாமித்தோப்பு, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் அய்யாவழியின் தலைமைப்பதி, அதாவது வழிபாட்டுத் தலம். ஞாயிறு காலை போனேன். அங்குள்ள புனிதக் கிணறான முத்திரிக்கிணற்றில் குளித்து, சட்டை இல்லாமல், தலைப்பாகை கட்டி நின்றேன். கருவறை போன்ற பள்ளியறையில் கண்ணாடி, அதில் தலைப்பாகையோடு என் முகம். 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட ஜனங்களை, எங்கள் வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் கட்டச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே கட்டுகிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எத்தனை பேரை எதிர்த்துக் கட்டியிருப்பார்! நான் ஒரு மேசைக்குப் பயப்படுகிறேன்.

மறுநாள் திங்கள், நாகர்கோவிலில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நெற்றியில் நாமத்தோடு போனேன். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் திரும்பி வரவில்லை.

எதிர்பாராதது: பேச வேண்டிய தேவையே அதிகம் இல்லை. மனுவைப் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். ஆதார், பாஸ்புக் நகல்களை மனுவோடு இணைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. முதலில் அதைத்தான் புரட்டிப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற அக்கா நகல் எடுக்க வெளியே ஓடினார்.

பணம் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.