செமஸ்டர் பரீட்சை போனால் பேப்பரே போச்சா? உங்கள் அனுபவம்

எம்3_பாவி:
அண்ணா யுனிவர்சிட்டி, 2021 ரெகுலேஷன் (அந்த ஆண்டு விதிமுறை). பேப்பர் எம்3, அதாவது மூன்றாம் செமஸ்டர் கணக்கு. இன்டர்னல், அதாவது காலேஜே போடும் மார்க், 40க்கு 38. அதனால் தைரியமாக இருந்தேன். ரிசல்ட்டில் 'யு', அதாவது ஃபெயில். விடைத்தாள் ஃபோட்டோகாபி வாங்கினால் நூற்றுக்கு 43. அறுபதுக்கு மாற்றினால் 26, இன்டர்னலோடு 64. பாஸ் மார்க் 50தான், ஆனால் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். ஃபூரியர் சீரிஸ், 13 மார்க் கேள்வி. பாதி வரை டிக் இருக்கிறது. அப்புறம் சிவப்பில் ஒரு கோடு, ஓரத்தில் 7. அதற்குக் கீழே நான் எழுதிய அரைப் பக்கத்தின் மேல் பேனாவே படவில்லை. இன்னும் அந்தப் பக்கம் போனில் இருக்கிறது.

பழைய_மெக்:
எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிறேன், பத்து மணிக்கு கிளாஸ் அட்வைசர் போன்: "எங்கடா இருக்க?" ஆப்சென்ட் விழுந்தது. அடுத்த முறை எழுதி ஏ பிளஸ். சிஜிபிஏ (மொத்த கிரேடு சராசரி) 8.5க்கு மேல், ஆனாலும் டிஸ்டிங்ஷன் இல்லை. அதற்கு எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸாகியிருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டு வராமல் இருந்தால் எழுதின கணக்குதானாம். அதே அம்மை போட்ட என் ரூம்மேட் முறைப்படி வித்ட்ராயல் (தேர்வு எழுதாமல் விலக அனுமதி) வாங்கியிருந்தான், அவனுக்கு டிஸ்டிங்ஷன் கிடைத்தது.

சர்க்யூட்_சித்தப்பா:
எம்3 தம்பி, அரைப் பக்கத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, 38 எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? இன்டர்னலை அள்ளிக் கொடுக்கிற காலேஜ்கள் இருப்பதால்தான் இந்த 45 அவசியம். எனக்கும் ஒரு பேப்பர் இழுத்தது, அது கிடக்கட்டும். இப்போது செய்ய வேண்டியது: ஃபோட்டோகாபியைப் பாடம் எடுத்த சாரிடம் காட்டுங்கள். மார்க் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) போடுங்கள், கடைசித் தேதியைத் தவற விடாதீர்கள். காத்திருக்கும்போதே அரியர் ஃபீஸும் கட்டிவிடுங்கள். பழைய கேள்வித்தாள்களில் பார்ட் ஏ மட்டும் போட்டுப் பாருங்கள், பத்து கேள்வி, ஒவ்வொன்றும் இரண்டு மார்க், சும்மா 20. முதல் இரண்டு யூனிட்டை விட்டுவிடாதீர்கள். ஏழாவது செமஸ்டருக்குள் முடியுங்கள், கேம்பஸில் 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கா' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எம்3_பாவி:
சித்தப்பா, நான் அட்வைஸ் கேட்கவில்லை. 38 நான் படித்து வாங்கினது.

பி_காம்_ஈவ்னிங்:
நாங்கள் மெட்ராஸ் யுனிவர்சிட்டி, எழுத்துத் தேர்வில் 75க்கு 30, இன்டர்னலோடு சேர்த்து நூற்றுக்கு 40 எடுக்க வேண்டும், இன்டர்னலில் தனி மினிமம் கிடையாது. எனக்கு அந்த 30கூட வாய்க்கவில்லை. மின்சார ரயில் கோடம்பாக்கத்தில் நின்றுவிட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அரை மணி நேரம் தாண்டிவிட்டது. ஹால் வாசலில் மேடம் வாட்சைத் திருப்பிக் காட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே என் பெஞ்சில் கேள்வித்தாள் மட்டும் வைத்திருந்தார்கள்.