‘தி வர்ஜின் சூசைட்ஸ்’ தமிழில் வந்தால்: நாமா, நாங்களா?

கரிசல்: ஜெஃப்ரி யூஜெனிடிஸ் நாவலில் கதை சொல்லும் ‘வீ’யை (we) “நாம்” என்றுதான் பெயர்க்கணுமாம், அப்போதுதான் வாசகர் உள்ளே வருவாராம். யார் அருளியதோ! கதை சொல்வது லிஸ்பன் வீட்டையும் அதிலிருந்த ஐந்து சகோதரிகளையும் வேவு பார்த்து வளர்ந்த தெருப் பையன்கள். உள்ளே போகவே முடியவில்லை என்பதுதான் நாவலே. “நாங்கள்”.

நிழல்மரம்: அருளியது நான்தான். வீட்டின் போட்டோவை முதல் சான்று என்று எண் போட்டு யாரிடம் நீட்டுகிறார்கள்? வாசகரிடம். அவரும் கூட்டாளி. “நாம்”.

கரிசல்: நீட்டுகிறவன் வேறு, பார்க்கிறவன் வேறு. “நாம் போனில் அந்தப் பெண்களுக்கு இசைத்தட்டு போட்டோம்” என்று எழுதிப் பாருங்கள். வாசகர் எப்போது போன் பண்ணினார்?

டீக்கடைபெஞ்சு: கதை சொல்றது ஒரே ஆள்தானே?

கரிசல்: அது 1999 சோஃபியா கொப்போலா படம், தம்பி. ஒற்றைக் குரல். 1993 புத்தகத்தைத் திறந்துவிட்டு வாருங்கள்.

நிழல்மரம்: எல்ம் மரங்களில் நோய் வந்து தெருவே மொட்டையாகிறதே, அந்த இழப்பு எல்லாருக்கும்தானே? “நம் மரங்கள்”.

கரிசல்: வெட்ட வந்தவர்களை மறித்து மரத்தைச் சுற்றி நின்றது அந்தப் பெண்கள். பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். “நாங்கள்”. ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் வசனத்தில் வேண்டுமானால் “நம்ம தெரு” வரட்டும்.

ஏரிக்கரை: அதை விடுங்க. நிழல்மரம் மொழிபெயர்த்துப் போட்ட மாதிரிப் பத்தியில் ஜூன் மாதப் பூச்சி “ஈசல்” ஆகியிருக்கு. ஈசல் கறையான் இனம், மழை பெய்தால் புற்றிலிருந்து கிளம்பும். இது ஏரியிலிருந்து வருகிற மேஃப்ளை. ஜன்னல், தெருவிளக்கு எல்லாத்தையும் அப்பிக்கொள்ளும்.

நிழல்மரம்: ஒரு நாள் ஆயுசு என்று அந்தச் சகோதரிகளில் கடைசிப் பெண் சிசீலியா சொல்கிறாள். தமிழில் ஒரு நாள் ஆயுசு என்றால் ஈசல்தான். அடிக்குறிப்பு ஆசாமிகளிடம் வேறு சொல் இருந்தால் எடுத்து விடட்டும்.

ஏரிக்கரை: ஈசலைப் பொரியரிசியோடு வறுத்துத் தின்போம் சார். கார் மேல் படிந்த பூச்சியை விலக்கித் தன் முதலெழுத்துகளை அவள் எழுதும் இடத்தில் வாசகருக்குப் பொரியரிசி ஞாபகம் வந்தால் காட்சி காலி.

கரிசல்: ஈசலோ கொசுவோ, பார்த்துக்கொண்டிருந்தது யார்? நாங்கள்.

நிழல்மரம்: முன்னொரு இழையில் ‘ஒருமையிலேயே எழுதலாம்’ என்றவர் நீங்கள்தானே?

கரிசல்: பேச்சை மாற்றாதீர்கள். கடைசியில் முடி கொட்டி, தொப்பை விழுந்த பிறகும் மர வீட்டிலிருந்து அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது யார்?

நிழல்மரம்: நாம்.