வால்பாறை ரோட்டில் கியர் வண்டி ஓட்டப் பழகியது

சமதளத்தில் நன்றாக ஓட்டுகிறவர்களும் மலை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பயப்படுவார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சித்தப்பா வால்பாறையில் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர் என்பதால் அவரையே பிடித்துக்கொண்டேன்.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் அவர் உடனே மேலே விடவில்லை. அடிவாரத்தில் லேசான ஏற்றம் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அங்கிருந்து எடுக்கச் சொன்னார். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்ச்சை மெல்ல விட்டால் ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், முன்பக்கம் லேசாகத் தூக்கும். "அங்கயே காலை நிறுத்து கண்ணு. இப்ப ஹேண்ட் பிரேக்கை எடு" என்றார். வண்டி இம்மியும் பின்னால் போகவில்லை. இது பழகிவிட்டால் பின்னால் பஸ் ஒட்டி நின்றாலும் கை நடுங்காது. அதற்காக ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது கிளட்ச்சைப் பாதி விட்டபடியே, வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது, கிளட்ச் பிளேட் கருகிவிடும்.

வளைவுகளில் ஒரே விஷயம்தான்: உள்ளே நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். 9-வது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் நிறுத்தி, கீழே ஆழியாறு அணையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

என்னைக் கேட்டால், ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அக்கறையாகக் கற்க வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதை தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதிலும் இன்ஜினையே அணைத்துவிட்டால் சில மிதியிலேயே பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் நின்று விட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது.

நாங்கள் இறங்கும்போது ஓரமாக ஒரு கார், முன் சக்கரத்திலிருந்து புகை. ஒருவர் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனார். சித்தப்பா ஓடிப்போய்த் தடுத்தார். பழுக்கக் காய்ந்த பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். "சும்மா ஆற விடுங்க தம்பி, அப்புறம் ரெண்டாவது கியர்லயே இறக்குங்க" என்று சொல்லி, அவர்கள் கிளம்பும்வரை கூடவே நின்றார்.