எட்டாம் எண்ணிலிருந்து லூஸ்ஹெட் ப்ராப்: பீஸ்ட் எப்படி மாறினார்? 15 வயதுப் பையன் மாறலாமா?

சாட்ஸ்வர்த்_சித்தி

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகனுக்கு 15 வயது, பள்ளி ரக்பி அணியில் எட்டாம் எண், அதாவது ஸ்க்ரம்மில் (இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து பிணைந்து தள்ளிக்கொள்வது) கடைசி ஆள். கோச் அவனை ஒன்றாம் எண்ணுக்கு, அதாவது முன்வரிசை இடது ஓரத்தில் நிற்கும் லூஸ்ஹெட் ப்ராப் இடத்துக்கு மாற்றப் பார்க்கிறார். "பீஸ்ட்டும் முதலில் பின்வரிசையில்தான் ஆடினார்" என்று பையன் குதிக்கிறான். அக்காவுக்கோ அவன் கழுத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

பீஸ்ட் என்று எல்லோரும் கூப்பிடும் ஸ்ப்ரிங்பாக் (தென்னாப்பிரிக்கத் தேசிய அணி) வீரர் டெண்டாய் ம்டாவரீரா எந்த வயதில், எப்படி ப்ராப் ஆனார்? 2009-இல் நம்ம டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டு அணி) அணியின் ஃபில் விக்கரியைத் தூக்கிவிட்டார் என்கிறார்களே, உண்மையில் என்ன செய்தார்? வீடியோவில் எனக்குத் தெரிவது பதினாறு பேர் குவிந்து கிடப்பது மட்டும்தான். பையனுக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்றும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உம்கெனி_கரை

அக்கா, முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பையன் பீஸ்ட்டை உதாரணம் காட்டுவதால் வயதுக் கணக்கு முக்கியம்.

பிறந்தது 1985 ஆகஸ்ட் 1, ஹராரே. 'பீஸ்ட்' டர்பன் ஷார்க்ஸ் அணியின் ரசிகர்கள் வைத்த பெயர் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது ஜிம்பாப்வேயில் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். பீட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்து, டர்பனில் ஷார்க்ஸ் அகாடமிக்கு வந்தபோதும் அவர் லூஸ் ஃபார்வர்டுதான், அதாவது ஸ்க்ரம்மின் பின்வரிசை ஆள். "உனக்கு எதிர்காலம் முன்வரிசையில்" என்று அவரை மாற்றியவர் அப்போதைய ஷார்க்ஸ் கோச் டிக் முயர். அப்போது ம்டாவரீரா பள்ளியை முடித்த, உடம்பு முற்றிய இளைஞர். தினமும் ஸ்க்ரம் சொல்லிக்கொடுக்கத் தொழில்முறை ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 2008 ஜூன் 14-இல் பிரிட்டோரியாவில் வேல்ஸுக்கு எதிராக ஸ்ப்ரிங்பாக் சட்டை போட்டபோது வயது 22. உங்கள் பையனுக்கும் அவருக்கும் இங்கேதான் வித்தியாசம்.

மொத்தம் 117 டெஸ்ட், அதாவது நாடுகளுக்கு இடையிலான ஆட்டம். ஓய்வு பெற்றபோது அவருக்கு மேலே விக்டர் மேட்ஃபீல்ட் 127, பிரையன் ஹபானா 124, அவ்வளவுதான். 2018-இல் ப்ளூம்ஃபொன்டெய்னில் இங்கிலாந்துக்கு எதிராக 100-ஆவது ஆட்டம். ஆப்பிரிக்கக் கறுப்பின வீரர் ஒருவர் ஸ்ப்ரிங்பாக்காக அந்த எண்ணைத் தொட்டது அதுவே முதல் தடவை. பல நாட்டு அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி தொடரில் 159 ஆட்டம், அத்தனையும் ஷார்க்ஸுக்கே. முன்வரிசையில் கழுத்தும் முதுகும் தேய்ந்து பாதியில் போனவர்கள் எத்தனையோ பேர். அங்கே பதினோரு வருஷம் டெஸ்ட் ஆடியிருக்கிறார் என்றால் அது வெறும் பலத்தால் ஆனதில்லை.

நடுவில் இரண்டு சோதனைகள் வந்தன. ஒன்று இதயம். தாறுமாறாகத் துடிக்கும் சிக்கலால் சில தடவை களத்துக்கு வெளியே இருந்தார், சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தார். மற்றது குடியுரிமை. அன்றைய உலக விதிப்படி 36 மாதம் ஒரு நாட்டில் வசித்தாலே அந்த நாட்டுக்கு ஆடலாம் (பின்னாளில் அதை 60 ஆக்கினார்கள்). அந்தக் கணக்கில் அவரிடம் குறை இல்லை. ஆனால் குடியுரிமை இல்லாதவர் தேசிய அணியில் ஆடக் கூடாது என்று 2010-இல் நம் அரசுத் தரப்பில் கேள்வி கிளம்பியது. அந்த வருஷமே குடியுரிமை கிடைத்தது. இதை ஏதோ காகித விவகாரம் என்று நம்மால் தள்ளிவிட முடியாது. 1860-இல் கப்பலில் வந்த இந்தியர்களின் வாரிசுகளை இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டதே 1961-இல்தான். கிங்ஸ் பார்க்கில் அவர் பந்தைத் தொட்டதும் "பீ...ஸ்ட்" என்று எழும்பும் அந்த நீளமான முழக்கத்தை வெளியூர்க்காரர்கள் ஏளனக் கூச்சல் என்று நினைத்துக் குழம்புவார்கள். எங்கள் ஆள் என்று ஒரு ஊரே சொன்ன விதம் அது.

---

டைட்ஹெட்_மூன்று

விக்கரி கேள்விக்கு நான் வருகிறேன்.

முதலில் உடம்புகள் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரம்மில் முன்வரிசை வலது ஓரத்து ப்ராப்பான டைட்ஹெட்டின் (3) தலை, எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் நடுவில் நிற்கும் ஹூக்கருக்கும் (2) இடையே போகும். அவன் இரண்டு தோளிலும் சுமை. லூஸ்ஹெட்டின் (1) தலை வெளிப்பக்கம் இருக்கும். வலது தோளில் மட்டும்தான் எதிராளி, இடது தோளுக்கு எதிரே யாரும் கிடையாது. 'லூஸ்' என்ற பெயர் வந்ததே அதனால்தான். இரண்டு பேரைத் தாங்குகிற டைட்ஹெட்டுக்கு வேலை, அசையாமல் நிற்பது. ஒரு தோள் காலியாக இருக்கும் லூஸ்ஹெட்டுக்கு வேலை, அவனை அசைப்பது.

2009 ஜூன் 20. ஸ்க்ரம்முக்கு ரெஃப்ரீயின் அன்றைய கட்டளை 'கிரவுச், டச், பாஸ் (pause, நில்), எங்கேஜ்'. இரு அணிக்கும் நடுவே இடைவெளி விட்டு நிற்பார்கள், நான்காவது சொல்லில் பாய்ந்து மோதுவார்கள். அந்த ஒரு நொடியில் யார் தாழ்வாகப் போய்ச் சேருகிறாரோ அவருக்கே பாதி வெற்றி. பீஸ்ட் தன் வலது தோளை விக்கரியின் நெஞ்செலும்புக்குக் கீழே கொண்டுபோனார். இடது கையால் விக்கரியின் சட்டையைப் பற்றி, முழங்கையை மேலே வைத்துக்கொண்டார். பிறகு கால்களை நீட்டினார். முன்னும் மேலும் ஒரே சமயத்தில் அழுத்தம் வந்தால் டைட்ஹெட்டின் முதுகு வளையும், தாடை மேலே போகும். முதுகு வளைந்துவிட்டால், பின்னாலிருந்து இரண்டாம் வரிசை ஆளான லாக் தள்ளுகிற பலம் முன்னால் வந்து சேராது, அந்த ஆளையே மேலே பிதுக்கிவிடும். நீங்கள் கேள்விப்பட்ட 'தூக்கல்' அதுதான். கையால் தூக்கவில்லை. விக்கரிக்குப் பின்னால் இருந்தவர்களின் பலமே அவரைக் கிளப்பிவிட்டது.

பெனால்ட்டிகள் குவிந்தன. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் விக்கரியை எடுத்துவிட்டு ஆடம் ஜோன்ஸை இறக்கினார்கள். ஸ்க்ரம் உடனே சமநிலைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா 26-21 என்று வென்றது, ஆட்ட நாயகன் பீஸ்ட். அடுத்த வாரம் பிரிட்டோரியாவில் ஜோன்ஸ் தொடக்கத்திலிருந்தே ஆடினார். முதல் வாரம் நடந்தது அங்கே நடக்கவே இல்லை. பீஸ்ட்டின் எடையும் பலமும் ஒரு வாரத்தில் குறைந்துவிடவில்லை. எதிரே நின்ற ஜோன்ஸ் குட்டை, பருமன், முதுகு வளையாத ஆள். கீழே நுழைய இடமே தரவில்லை.

அது சட்டப்படி சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நேராகத் தள்ள வேண்டும் என்பதே சட்டம், உள்பக்கம் சாய்ந்து ஹூக்கரை நோக்கிக் குத்தினால் பெனால்ட்டி. நீங்களே பார்த்து முடிவு செய்யலாம் அக்கா. பந்தை விட்டுவிடுங்கள், பீஸ்ட்டின் இடுப்பை மட்டும் பாருங்கள். முதுகெலும்பு டச்லைனுக்கு, அதாவது களத்தின் பக்கவாட்டுக் கோட்டுக்கு, இணையாக இருந்தால் நேர். இடுப்பு வெளியே விலகி, தலை உள்ளே திரும்பினால் கோணம். என் கண்ணுக்கு, மோதும் கணத்தில் நேராகத்தான் போகிறார். விக்கரி நிமிர்ந்த பிறகு இடுப்பு விலகுகிறது. எதிரே தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் வந்த விலகல் அது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

---

வெருலம்_ஸ்க்ரம்

மேலே அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

15 வயதில் மாறுவது தப்பில்லை, அவசரப்படுத்துவதுதான் தப்பு. அவன் ஆடப்போகும் விதிகளும் பீஸ்ட் ஆடியவை அல்ல. 2013 முதல் கட்டளை 'கிரவுச், பைண்ட், செட்'. மோதுவதற்கு முன்பே ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும், அதனால் இடைவெளியும் மோதலும் குறைந்துவிட்டன. 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் கட்டுப்பாடு உண்டு: 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது, ஸ்க்ரம் 45 டிகிரிக்கு மேல் சுழன்றால் மறுபடி கட்ட வேண்டும்.

தொடக்கம் கழுத்து. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ள வேண்டும், தலை நகரக் கூடாது. முன், பின், இடம், வலம் என்று ஒவ்வொரு பக்கமும் 10 விநாடி, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். கூட ஒருவன் கழுத்தின் மேல் எடை போட்டு அழுத்துவது, தலையைத் தரையில் ஊன்றிப் பாலம் போல வளைவது, இரண்டும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். அடுத்தது கரடி நடை நிலை: கையும் காலும் ஊன்றி, முழங்கால் தரையிலிருந்து நாலு விரல் மேலே, முதுகு பலகை மாதிரி. 20 விநாடி நின்று காட்டட்டும். நடு முதுகில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வையுங்கள். உருண்டு விழுந்தால் இடுப்பு ஆடுகிறது என்று அர்த்தம். அது நிற்கும்வரை அடுத்த படி கிடையாது.

பிறகு ஒருவருக்கு ஒருவர், இருவரும் முழங்காலில். பிறகு நின்று. அப்புறம் மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, கடைசியில் எட்டுக்கு எட்டு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். ஸ்க்ரம் மெஷினை மட்டும் நம்பாதீர்கள். மெஷின் நேராகத்தான் தள்ளும், மனிதன் முறுக்குவான்.

எட்டாம் எண்ணிலிருந்து வரும் பையன்கள் செய்கிற தப்பு அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். ஸ்க்ரம் முடிவதற்குள் பந்து எங்கே என்று தேடித் தலையைத் திருப்புவார்கள். தலை திரும்பினால் தோள் இறங்கும், தோள் இடுப்புக்குக் கீழே போனால் ஸ்க்ரம் சரியும். தலையும் தோளும் இடுப்புக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இரண்டாவது, இடது முழங்கை. அது தரையை நோக்கித் தொங்கினால் எதிராளியைக் கீழே இழுக்கிறது. ரெஃப்ரீ பெனால்ட்டி கொடுப்பார், அது போகட்டும். விழும்போது முதலில் தரையில் படப்போவது பையனின் சொந்த முகம். முழங்கை மேலே, கைப்பிடி எதிராளியின் முதுகிலோ விலாப் பக்கத்திலோ. கையிலோ காலரிலோ பிடிக்கக் கூடாது. மூன்றாவது, பாதம். இரண்டு பாதமும் தோள் அகலத்தில், கிட்டத்தட்ட ஒரே கோட்டில். பழைய பழக்கத்தில் ஒரு காலை ரொம்பப் பின்னால் வைத்தால் இடுப்பு தானாக முறுக்கிக்கொள்ளும்.

கையிலோ காலிலோ மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர், மரத்துப்போதல், பிடி தளருதல் என்று எது வந்தாலும் அன்றோடு நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுந்து கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் உட்கார வைக்காதீர்கள், தலையைத் தூக்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். இந்த நாட்டில் ரக்பி கோச்சுகளுக்கு பாக்ஸ்மார்ட் என்ற பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கோச்சின் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று அக்கா கேட்கலாம். அது அவமரியாதை இல்லை.

---

சாட்ஸ்வர்த்_சித்தி

ரொம்ப நன்றி, படித்துக் காட்டியதில் அக்காவுக்கும் பாதிப் பயம் தெளிந்தது. ஒரு சிக்கல் மட்டும். அணியில் இருந்த ப்ராப்புக்குக் கணுக்கால் அடி, அதனால் வருகிற சனிக்கிழமையே இவனை இறக்கிவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரு ஆட்டம்தானே, பரவாயில்லையா?

---

டைட்ஹெட்_மூன்று

வேண்டாம் அக்கா. 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பையனிடமே போட்டுக் காட்டுங்கள்.

யோகோஹாமா, நவம்பர் 2. இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்லர் மூன்றாவது நிமிடமே தலையில் அடிபட்டு வெளியே போனார். டான் கோல் வந்தார். அதற்குப் பிறகு பெஞ்சில் டைட்ஹெட் கிடையாது. மீதி ஆட்டம் முழுக்க அவரேதான். எதிரே 34 வயது பீஸ்ட், பத்து வருஷத்துக்கு முன் கிங்ஸ் பார்க்கில் செய்ததையே திருப்பிச் செய்தார். கோல் அனுபவம் இல்லாதவர் அல்ல, அவரும் உலகத்தரம். இருந்தும் மாற்று ஆள் இல்லாமல், ஒவ்வொரு ஸ்க்ரம்மாக முதுகு தளர்ந்துகொண்டே போனது. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பீஸ்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஸ்டீவன் கிட்ஷாஃபை இறக்கினார்கள். கோலுக்கு அப்போதும் மூச்சு விட நேரமில்லை. நம்ம அணியின் ஹான்ட்ரே பொல்லார்டின் 22 புள்ளிகளில் ஆறு பெனால்ட்டி, அவற்றில் ஸ்க்ரம்மில் விளைந்தவையும் உண்டு. 32-12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. சில நாளில் பீஸ்ட் ஓய்வை அறிவித்தார்.

தேர்ந்த ஆளையே அந்த இடம் அப்படிப் பிழிகிறது. நாலு நாள் பயிற்சியோடு ஒரு பிள்ளையை அங்கே நிறுத்துவதா?

---

வெருலம்_ஸ்க்ரம்

சனிக்கிழமைக்கு வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் யாரையும் முன்வரிசையில் நிறுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே கோச் ரெஃப்ரீயிடம் "எங்களிடம் பயிற்சி பெற்ற லூஸ்ஹெட் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். ஸ்க்ரம் கட்டுவார்கள், தள்ளமாட்டார்கள், பந்தைப் போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். பையன் எட்டாம் எண்ணிலேயே ஆடட்டும். திங்கட்கிழமை தண்ணீர் பாட்டிலோடு தொடங்குங்கள்.