மடல்வழி மருத்துவ மதியுரை: கலைச்சொல் விவாதம்

வணக்கம்.

நோயாளி கடிதத்தில் நோயைச் சொல்ல, மருத்துவர் கடிதத்திலேயே யோசனை சொன்ன பழைய வழக்கத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி. 'அஞ்சல்வழி மருத்துவம்' என்ற முன்மொழிவு நாவில் எளிதாக வருகிறது. அஞ்சல்வழிக் கல்வி பழகிய காதுக்கு உறுத்தாது. ஆனாலும் 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த வழக்கத்துக்கு அது பொருந்தாது. அங்கிருந்த மருத்துவர் வில்லியம் கல்லன் (1710–1790) அஞ்சலில் அனுப்பியது யோசனை மட்டும்தான். குருதி வடித்ததும் பற்றுப் போட்டதும் நோயாளியின் ஊரில் இருந்த சர்ஜன். ஆகவே 'மடல்வழி மருத்துவ மதியுரை' என்கிறேன்.

வழக்கத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. அதில் புழங்கிய தாள்களுக்கும் பெயர் வேண்டும். நோயாளியோ உறவினரோ உள்ளூர் சர்ஜனோ எழுதுவது 'நோய்விவர மடல்'. கல்லன் எழுதும் பதில் 'மதியுரை மடல்'. மருந்துக் கடைக்காரருக்கான லத்தீன் குறிப்புக்கு 'மருந்துச்சீட்டு' என்ற பழகிய சொல்லே போதும். நான்காவது ஒன்றும் உண்டு: பதிலின் நகல். 1781 முதல் கல்லன் ஜேம்ஸ் வாட்டின் நகல் அழுத்தியைப் பயன்படுத்தினார். ஈரமாக்கிய மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் வைத்து அழுத்தினால் மை ஏறும். எழுத்து இடவலம் மாறி விழுவதால் தாளின் பின்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். இதை 'அழுத்துநகல்' எனலாம். எழுத்தர் கையால் எழுதிய படி வேறு, இது வேறு. இரண்டையும் 'பிரதி' என்றால் ஆவணக் காப்பகத்தில் குழப்பம்தான்.

கைகால் விழும் வாத நோயில் இந்த முறை எங்கே சறுக்கியது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். கை விழுந்துவிட்டது என்று மட்டும் மடலில் எழுதினால் போதாது. ஒரு பக்கமா, இரு பக்கமா? அசைவு மட்டும் போனதா, உணர்ச்சியும் போனதா? மூளைத்தாக்கைத் தொடர்ந்து ஒரு பக்கம் விழுந்து, நாடியும் நிறைந்திருந்தால் கல்லனின் வழி குருதி வடித்தல், பேதி, குறைந்த உணவு. உள்ளுக்குக் கார மருந்து கொடுப்பதை அங்கே அவர் அஞ்சினார். மூளைத்தாக்கும் வாதமும் ஒரே காரணத்தில் எழுபவை, தூண்டினால் மறுபடி தாக்கும் என்பது அவர் கணக்கு. வெளிப்பூச்சு, தேய்த்தல், கடுகுப் பற்று, மின்சாரம் இவற்றில் அவ்வளவு தயக்கமில்லை. ஆனால் உணர்ச்சி போன காலில் கடுகுப் பற்றை நேரம் பார்க்காமல் விட்டால் தோல் வெந்துவிடும். நோயாளிக்கு எரிச்சலே தெரியாது. ஸ்பானிய ஈ என்று பெயர்பெற்ற வண்டின் பொடியால் கொப்புளம் எழுப்பினால் நஞ்சு உள்ளே ஏறிச் சிறுநீர் எரிந்து சொட்டும். மடல் போய்ப் பதில் வருவதற்குள் உள்ளூர் சர்ஜன் குருதியை வடித்துவிட்டிருப்பார். கல்லன் கணக்கில் கொண்ட நாடி அப்போது இருக்காது.

நோயாளியின் தொழிலைக் கேட்காமல் விடுவது இன்னும் பெரிய பிழை. இரு மணிக்கட்டும் தொங்கி, அதற்கு முன்பே வயிற்றுவலியும் மலச்சிக்கலும் இருந்தால் ஈய நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். இங்கிலாந்தின் டெவன்ஷயரில் பரவிய வயிற்றுவலிக்கு ஆப்பிள் மதுவில் கலந்த ஈயமே காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் 1767இல் காட்டினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த மருத்துவர் திசோ, மருத்துவரிடம் போகுமுன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகளைப் பொதுமக்களுக்கான தம் நூலிலேயே அச்சிட்டது சும்மா அல்ல.

> மின்சார ஆய்வாளர் பெஞ்சமின் பிராங்கிளின் மருத்துவர் ஜான் பிரிங்கிளுக்கு எழுதியதும் இதில் அடங்குமா, ஐயா?

அடங்காது, அம்மா. 1757 டிசம்பர் 21 தேதியிட்ட அந்தக் கடிதம் மருத்துவர் கேட்டதற்காக மருத்துவரல்லாத ஒருவர் அனுப்பிய அனுபவ அறிக்கை. ஆறு காலன் கண்ணாடி ஜாடிகள் இரண்டில் மின்னேற்றி, விழுந்த கைகால் வழியே பாய்ச்சி, பெரும்பாலும் நாளுக்கு மூன்று முறை கொடுத்திருக்கிறார். முதலில் சூடு கூடியது, அசைவும் கொஞ்சம் வந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு முன்னேற்றம் நின்றது. மனம் தளர்ந்து வீடு திரும்பியவர்கள் பழைய நிலைக்கே போனார்கள். நிலைத்த பலனைக் கண்டதில்லை என்று அவரே எழுதுகிறார். 'மருத்துவ அறிக்கை மடல்' என்று தனியே வைப்போம்.

> 'மதியுரை' இலங்கையில் பழகிய சொல்தான். எனக்கு உடன்பாடு. ஆனால் கைகால் விழும் நோய்க்கான ஆங்கிலச் சொல்லான 'பால்சி'க்குப் (palsy) 'பக்கவாதம்' போட்டுவிடாதீர்கள். எங்களிடம் 'பாரிசவாதம்' என்போம். இரண்டுமே ஒரு பக்கம் விழுவதைத்தான் சொல்கின்றன.

சரியான திருத்தம். அன்றைய 'பால்சி'யில் ஈய வாதம், முகவாதம் எல்லாம் அடக்கம். 'முடக்குவாதம்' இன்று மூட்டு நோய்க்குப் போய்விட்டது. வெறும் 'வாதம்' என்றால் சித்த மருத்துவர் முக்குற்றத்தில் ஒன்று என்று எடுத்துக்கொள்வார். விவிலியத் தமிழில் 'திமிர்வாதம்' இருக்கிறது. பக்கம் சுட்டாது, பழைய மணமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டுப் 'பால்சி'க்கு அதையே எடுப்போம். ஒரு பக்கம் விழுந்ததென்று மடலே சொல்லும் இடங்களில் பக்கவாதம் அல்லது பாரிசவாதம்.